கொன்சல் அனுப்பிய ஏழு வரித் தந்தி

அன்று நறுக்கு அறையில் இருந்தவர்கள்:

பிர்கிட். அறைக்குப் பொறுப்பானவர். பெண். சுருட்டுக் குடிப்பார்.

பெர். விடுதலை நாள் இணைப்பைத் தயாரித்த பத்திரிகையாளர். முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரன். அவசரக்காரன்.

கொன்சல். ஓய்வு பெற்ற தூதுவர். எண்பத்தாறு வயது. கையில் தடி.

நான்.

ராசன் அறைக்குள் இல்லை. வெளியே படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனையும் சேர்க்க வேண்டும். பாதிப் பிழை அவனுடையது.

நீங்கள் ஐந்து பேர் பத்திரிகைகளிலும் ஆவண அறைகளிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். எல்லாரும் இங்கே டென்மார்க்கில் பிறந்த எங்கள் பிள்ளைகள், படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்பு. ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். வேலையை எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிழை விட்டால் என்ன செய்வது என்று சொல்லலாம். அதில் எனக்கு அனுபவம் உண்டு. தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு அம்மா வாசித்துக் காட்டட்டும்.

1985. ஏப்ரல் மாதத்தின் கடைசி நாள். கோப்பன்ஹேகனில் ஒரு பத்திரிகை. அதன் பெயர் தேவையில்லை. நான் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து எஸ் என்கிற புறநகர் ரயிலில் போய் வந்தேன். அதற்கு முன் கப்பலில் வேலை. கப்பலை விட்டு இறங்கி அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போனேன். ஒருநாள் பிர்கிட் நறுக்குக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கோணல் மாணலாக வந்தது. நான் கத்தரிக்கோலை வாங்கி வெட்டிக் காட்டினேன். கப்பலில் கன்வஸ் வெட்டித் தைத்தவன். நேராக வெட்டுவேன். அடுத்த கிழமை என்னை மேலே எடுத்துக்கொண்டார். மூன்று மாதத் தற்காலிக வேலை. அது முடிகிற கிழமையில்தான் இது நடந்தது. நிரந்தரக் கடிதம் பிர்கிட்டின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

நறுக்கு அறை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் யாரைப் பற்றி எது வந்தாலும் வெட்டி, அவர் பெயர் எழுதிய உறைக்குள் போட்டு, இழுப்பு லாச்சியில் வைப்போம். பத்திரிகையாளர் வந்து கேட்டால் உறையை எடுத்துக் கொடுப்போம். அவ்வளவுதான். சுவர் முழுக்க லாச்சி.

என் வேலை பழைய உறைகளை மாற்றுவது. இருபதுகளில், முப்பதுகளில் போட்ட உறைகள் தொட்டாலே உதிர்ந்தன. நறுக்குகளை வெளியே எடுத்து, புது உறைக்குள் போட்டு, மேலே எத்தனை நறுக்கு என்று எழுத வேண்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் டெனிஸ் வாசிப்பேன். அந்த வேலைக்கு அது போதும் என்றார் பிர்கிட்.

போதவில்லை.

அந்த உறைகளுக்குள் நிறைய மரண அறிவித்தல்கள் இருந்தன. கறுப்புக் கரை போட்டவை. எங்கள் ஊரில் சாவுச் செய்தி வந்த கடுதாசியை வாசித்தவுடன் கிழித்து எறிவார்கள். வீட்டுக்குள் வைப்பதில்லை. நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் கை நம்பியது. முதல்நாள் ஒன்று வந்தது, எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தேன். பிறகு பத்து வந்தது. அலுவலகத்துச் சாமான், கிழிக்க முடியாது. அறைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து பாண் தின்னவும் மனம் வரவில்லை. ஒரு வாழைப்பழப் பெட்டியில் போட்டு, கதவுக்கு வெளியே படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன்.

பிர்கிட்டிடம் சொல்ல நினைத்தேன். எந்த டெனிஸ் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு கிழமை போய்விட்டது. பிறகு சொல்ல வெட்கம். மூன்று மாதம் போய்விட்டது.

பிள்ளைகளே, முதல் கிழமையில் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

இனிக் கொன்சலின் கதை. முப்பதுகளின் நடுவில் அவர் ஒரு ஜெர்மன் துறைமுக நகரத்தில் டென்மார்க்கின் கொன்சலாக இருந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். அந்த நகரத்தில் கடைகளை உடைப்பதையும் ஆட்களைக் கொண்டுபோவதையும் பற்றி யாரோ ஒருவர் எங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் போடாத கடிதங்கள். எழுதியது யார் என்று கொன்சலுக்குத் தெரியும் என்று ஜெர்மன்காரர் நம்பினார்கள். பெயரைக் கேட்டார்கள்.

போர் முடிவில் ஜெர்மன்காரர் பிடியிலிருந்து டென்மார்க் விடுபட்டதன் நாற்பதாவது விடுதலை நாளுக்குப் பெர் ஓர் இணைப்பு எழுதினான். மே நான்காம் தேதி வெளியே போகும். அன்று பின்னேரம் டென்மார்க் முழுக்க ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். எல்லார் கையிலும் பத்திரிகை இருக்கும். அதில் ஒரு பக்கம், ஜெர்மன்காரருக்குப் பணிந்தவர்கள் பற்றியது. அதில் கொன்சலின் பெயர் இருந்தது. ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி பின்னேரம் பெர் அவருக்குத் தொலைபேசி எடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டி, கருத்துக் கேட்டிருக்கிறான். அவர் கருத்துச் சொல்லவில்லை. அடுத்த நாள் பஸ் ஏறி வந்துவிட்டார்.

மத்தியானம் ஒரு மணி. பக்கம் அச்சுக்குப் போவது இரண்டு மணிக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். டெனிஸ்காரர் யாரையும் ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள். அதை 'நீர்' என்று எழுதுகிறேன். கொன்சல் மட்டும் பழைய மரியாதைச் சொல்லைப் பாவித்தார். அந்தக் கட்டடத்தில் என்னை டெனிஸில் 'நீங்கள்' என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"நான் வருத்தம் தெரிவிச்சதாப் போட்டிருக்கிறியள். பொய்," என்றார் கொன்சல்.

"பொய்யெண்டால் எங்கட பத்திரிகையின்ர பொய்," என்றான் பெர். உறையைத் திறந்து நறுக்கை மேசையில் வைத்தான். "இந்தாரும். அந்தக் காலத்தில நாங்களே போட்டது. 'பெயரில்லாக் கடிதங்களுக்காகக் கொன்சல் உள்ளூர் அதிகாரிகளிடம் வருத்தம் தெரிவித்தார்.' உம்மட பெயர்தானே?"

"என்ர பெயர்தான். அது ஜெர்மன் செய்தி நிறுவனம் அனுப்பினது. நான் அடுத்த நாளே மறுத்துத் தந்தி அடிச்சன். அதையும் போட்டியள். நான் கண்ணால பார்த்தனான்."

"எந்த நாள்?"

"தம்பி, அம்பது வருசம். நாள் ஞாபகமில்லை. பக்கம் மட்டும் ஞாபகம் இருக்கு. மறக்கேலாது."

"நாள் தெரியாட்டில் தேடேலாது. அந்த வருசத்துப் பத்திரிகைக் கட்டெல்லாம் மைக்ரோபிலிம் எடுக்கப் போயிட்டுது. கிடக்கிறது இந்த உறைதான்." பெர் உறையைத் திருப்பிக் காட்டினான். "பாரும். ஒண்டு எண்டு எழுதியிருக்கு. ஒரு நறுக்குத்தான் இருந்தது. இது போன மாசம் சரிபார்த்த உறை."

அந்த ஒன்றை எழுதியது நான்.

பிர்கிட் உறையை வாங்கிப் பார்த்தார். "சாமியின்ர எழுத்து," என்றார். என் பெயர் கந்தசாமி. அவர்களுக்கு அது நீளம். "சாமி எண்ணினால் பிழைக்காது."



கொன்சல் கோபப்படவில்லை. கதிரையில் அமர்ந்து தடியை முழங்காலுக்குக் குறுக்கே வைத்தார். பிர்கிட் கோப்பி வார்த்துக் கொடுத்தார். "பெயரைக் கேட்டு உம்மை வெருட்டினவையோ?" என்று கேட்டார்.

"வெருட்டேல்லை. மரியாதையான ஆக்கள். செவ்வாய்க்கிழமை தோறும் ரெண்டு பேர் வருவினம். என்ர கோப்பியைக் குடிப்பினம். ஒருநாள் ஒரு படம் கொண்டு வந்தினம். என்ர ரெண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடம் போற படம். ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில நிண்டு எடுத்தது. மேசையில வைச்சிட்டு, 'வடிவான பிள்ளையள்' எண்டு சொல்லிச்சினம்."

பெர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "நீர் என்ன செய்தீர்?"

"நன்றி சொன்னன். சட்டம் போட்டுச் சுவரில மாட்டினன். அடுத்த செவ்வாய் வந்தவை அதுக்கு நேர கீழ இருந்துதான் கோப்பி குடிச்சவை. இப்பவும் வீட்டில இருக்கு. பிள்ளையளை அவ்வளவு நல்லா வேறை ஒருத்தரும் எடுக்கேல்லை."

சிரித்ததில் பிர்கிட்டுக்குப் புரைக்கேறியது. சுருட்டுப் புகை. எங்கள் ஊரில் கிழவர்கள் குடிக்கிற சுருட்டு. ஒரு பெண் குடித்துப் புரைக்கேறியதை நான் அங்கேதான் கண்டேன்.

"பெயர் குடுக்கேல்லை," என்றார் கொன்சல். "பிறகு அந்தச் செய்தி வந்தது. நான் தந்தி அடிச்சன். இங்க, தலைநகரத்தில, பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு ஆரோ கதைச்சிருக்கினம். ஜெர்மன்காரரைக் கோபப்படுத்தாதையுங்கோ எண்டு. உங்கட ஆசிரியர் பயந்த மனுசன். ஆனால் முழுக்கக் கெட்டவர் இல்லை. தந்தியைப் போட்டார். ஏழு வரி. ஆரும் பார்க்காத இடத்தில போட்டார். மரண அறிவித்தலுக்கு நடுவில. நான் உயிரோட, என்ர பதில் செத்தவையோட."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் காலத்தில் வெட்டியவர் அகலமாக வெட்டியிருப்பார். ஏழு வரியோடு பக்கத்து அறிவித்தலின் கறுப்புக் கரையும் வந்திருக்கும். என் கை எழுத்தை வாசிக்கவில்லை. கரையை வாசித்தது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

என் திட்டம் எளிது. பெட்டியிலிருந்து நறுக்கை எடுப்பது. கை மறைவில் கொண்டுவருவது. லாச்சிக்குள் கிடந்தது என்று சொல்வது. ஆருக்கும் நட்டமில்லை. கொன்சலின் பெயர் தப்பும். என் கடிதமும் தப்பும்.

படிக்கட்டுக்குக் கீழே பெட்டி இல்லை.

ராசன் மேல்படியில் வாளியோடு நின்றான். அவன் எங்கள் பக்கத்துப் பெடியன். ஹ்விடோவ்ரேயில் இருந்து வருவான். வாய் ஓயாது.

"டேய், இதுக்குள்ள ஒரு பெட்டி கிடந்ததே?"

"எந்தப் பெட்டி அண்ணை? அந்தச் சாவுப் பெட்டியோ?"

"ஓம். எங்கை?"

"அதுக்குப் பக்கத்தில இருந்துதான் அண்ணை நான் பாண் தின்னுறனான். ஒருநாள் திறந்து பார்த்தன். முழுக்கக் கறுப்புக் கரை. தின்ன பாண் வெளியில வந்திட்டுது. கட்டடத்துக்குள்ள இதை வைச்சிருக்கிறவன் எவன் எண்டு பேசினன்."

"நான்தான்."

"ஐயோ! நீங்களோ? தெரிஞ்ச மனுசன் செய்யிற வேலையே இது?"

"எங்கை வைச்சனி?"

"வெளியில. சைக்கிள் கொட்டிலுக்குள்ள."

நான் அறைக்கு வெளியே வைத்தேன். அவன் கட்டடத்துக்கு வெளியே வைத்தான். இரண்டு பேரும் ஒரே ஊர். ஒரே புத்தி.

கொட்டிலுக்கு ஓடினோம். தூறல். சைக்கிள்கள் இருந்தன. பெட்டி இல்லை. பக்கத்தில் பழைய பேப்பர் லொறி நின்றது. சாரதி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நல்ல உயரமான ஆள்.

"வாழைப்பழப் பெட்டி ஒண்டு ஏத்தினீரே?" என்று கேட்டேன்.

"ஏத்தினன். கொட்டிலுக்குள்ள கிடந்தது. பேப்பர்தானே?"

"பேப்பர் இல்லை. ஆக்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ராசனைப் பார்த்தார். ராசன் வாளியை விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன ஆக்கள்?"

"செத்த ஆக்கள்," என்றான் ராசன் உதவியாக.

சாரதி ஓர் அடி பின்னால் போனார். அந்த இடைவெளியில் நான் லொறிக்குள் ஏறிவிட்டேன். பெட்டி கடைசியாக ஏற்றியதால் முன்னாலேயே இருந்தது. மேல்மட்டை மட்டும் நனைந்திருந்தது. இறக்கி, கொட்டிலுக்குள் வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ராசன் தொடவில்லை. குடை மாதிரித் தன் ஜக்கற்றை விரித்துப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான்.

கொன்சலின் பெயரை எழுத்துக் கூட்டி வைத்திருந்தேன். கிடைத்தது. ஏழு வரி. மூன்று பக்கமும் கறுப்புக் கரை. ஓரத்தில் பென்சிலால் நாள். கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

'நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. என்னிடம் ஒரு பெயர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.' கீழே அவர் பெயர்.

"அண்ணை, உதை மட்டும் சேட்டுப் பைக்குள்ள வையுங்கோ," என்றான் ராசன். "பெட்டியைப் பற்றி மூச்சு விடாதையுங்கோ. உறைக்குள்ள ஒட்டிக்கொண்டு கிடந்தது எண்டு சொல்லுங்கோ. ஆர் பார்த்தது? கடிதம் கையெழுத்தாகிற நேரத்தில ஏன் வாயைத் திறந்து கெடுப்பான்?"

அவன் சொன்னபடிதான் செய்தேன். மறைக்க மாட்டேன். அப்படியே செய்தேன்.

மேலே போனேன். ஒன்றேகால். "இது ஒட்டிக்கொண்டு கிடந்தது," என்று நறுக்கை மேசையில் வைத்தேன்.

கொன்சல் குனிந்து பார்த்தார். விரலால் அந்த ஏழு வரியையும் தொட்டார்.

பெர் வாசித்தான். ஒருதரம். இரண்டுதரம். அவன் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை.

"எங்கை ஒட்டிக்கொண்டு கிடந்தது?"

"உறைக்குள்ள."

"உறை என்ர கையில இருந்தது. காலமையில இருந்து. நான் உள்ளுக்குக் கையை விட்டுத் தடவிப் பார்த்தனான்."



பெர் நாற்காலியைத் திருப்பினான். மெதுவாகக் கேட்டான். "ஒரு மணிக்கு ஒரு நறுக்கு. ஒண்டேகாலுக்கு ரெண்டு. இடையில ஒரு ஆள் இந்த அறைக்கு வந்திருக்கிறார்." அவன் கொன்சலைப் பார்த்தான். "குறை நினையாதையும். இதை நீர் வீட்டில இருந்து கொண்டு வந்தீரோ? கொண்டு வந்து இவரிட்டைக் குடுத்தீரோ?"

"கொண்டு வந்திருந்தால் நேராத் தந்திருப்பன்," என்றார் கொன்சல்.

"ஏதாவது ஒரு பழைய அச்சுக்கூடத்தில இப்படி ஒரு துண்டு அடிப்பிக்கிறது பெரிய வேலை இல்லை. நான் உம்மைச் சொல்லேல்லை. ஆனால் எங்கை இருந்து வந்தது எண்டு தெரியாத துண்டை நான் அச்சில போடேலாது."

கொன்சல் தடியை எடுத்தார். எழும்பினார். கோட்டின் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். மெதுவாகப் பூட்டினார். மேலே இருந்து கீழே. இரண்டாம்தரம் அவரைப் பொய்யனாக்கியது ஜெர்மன்காரர் இல்லை. நான்.

நறுக்கைக் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. அது எங்கே கிடந்தது என்று சொன்னால்தான் அது சாட்சி. சொல்லாவிட்டால் வெறும் துண்டு. இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை அந்த ஒரு நிமிடத்தில் படித்தேன்.

"பொறுங்கோ, ஐயா," என்றேன் தமிழில். பிறகு டெனிஸில்: "நான் பொய் சொன்னன்."

கீழே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அறைக்குள் கொண்டுவந்தேன். மேசை நடுவில் வைத்தேன். சொன்னேன். ஊர்ப் பழக்கம். கறுப்புக் கரை. படிக்கட்டு. ராசன். கொட்டில். லொறி. எனக்குத் தெரிந்த டெனிஸ் எல்லாம் முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் நின்றேன்.



பெர் பெட்டிக்குள் கையை விட்டுப் பத்துப் பதினைந்தை வெளியே எடுத்துப் பரப்பினான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாள். அதே பென்சில். அதே சாய்ந்த எழுத்து. ஏழு வரியின் ஓரத்தில் இருந்த எழுத்தும் அதுதான். நறுக்கைத் திருப்பினான். பின்பக்கத்தில் எங்கள் பத்திரிகையின் பழைய இறப்பர் முத்திரை. பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றின் முதுகிலும் அதே முத்திரை.

"இது எங்கட," என்றான். அவன் குரல் மாறிவிட்டது. "பிர்கிட், இது எங்கட."

பிர்கிட் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டு அணைந்துவிட்டது.

"எத்தினை மாசமா?"

"மூண்டு."

"மூண்டு மாசமா இந்த நகரத்தில செத்த முக்காவாசிப் பேரும் படிக்கட்டுக்குக் கீழ."

"ஓம். பிறகு கொட்டிலுக்குள்ள."

"மழை பட்டதோ?"

"மேல்மட்டை மட்டும்."

அவர் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்கட வீட்டில ஆரும் செத்தால் உடன ஜன்னலைத் திறந்து விடுறது," என்றார் பிர்கிட். "அம்மா சாகேக்கை நான்தான் திறந்தன். ஏனெண்டு கேட்டால் எனக்கும் தெரியாது. நீர் பெட்டியை வெளியில வைக்கிறீர். நாங்கள் ஜன்னலைத் திறக்கிறம்." பிறகு திரும்பிச் சத்தமாக, "ஆனால் சொல்லிப்போட்டு வையும், மனுசா! சொல்லிப்போட்டு வையும்!"

கொன்சல் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் ஆடியது. பிறகு இருமல் வந்து மறுபடி கதிரையில் இருந்துவிட்டார்.

"உங்கட ஆசிரியர் என்னைச் செத்தவையோட படுக்க வைச்சார்," என்றார். "அம்பது வருசம் அவையோடயே கிடந்தன். கடைசியில இவர்தான் என்னைத் தூக்கி வெளியில கொண்டு வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில நிப்பாட்டினவர். நான் இவருக்கு நன்றி சொல்ல வேணும்."

கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். பிர்கிட் மறுபடி கோப்பி வார்த்தார்.

பெர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தை நிறுத்தச் சொன்னான். மற்றப் பக்கத்தில் ஆரோ கத்தியது எங்களுக்கும் கேட்டது. பெர் மேலும் கத்தினான். வைத்துவிட்டுக் கொன்சலுக்கு முன்னால் வந்து இருந்தான். பணிந்தவர்கள் பக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னான். தந்தியை முதற்பக்கத்தில் படமாகப் போடுவதாகச் சொன்னான். கறுப்புக் கரையோடு. எங்கள் பத்திரிகை அன்று அதை எங்கே ஒளித்தது என்பதையும் எழுதுவதாகச் சொன்னான்.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றான். இப்போது மரியாதைச் சொல்லைப் பாவித்தான். "நீங்கள் பெயர் குடுக்கேல்லை. சரி. அந்தக் கடிதங்களை எழுதினது ஆர்?"

"சொல்ல மாட்டன்."

"அம்பது வருசம் போச்சே!"

"அவரைக் கேக்காமல் சொல்லேலாது."

"அவர் உயிரோட இருக்கிறாரோ?"

"அதையும் சொல்ல மாட்டன்."

பெர் இரண்டு கையையும் விரித்தான். "ஜெர்மன்காரர் பாவம்," என்றான். எல்லாரும் சிரித்தோம். ராசன் கதவடியில் வாளியோடு நின்று, என்னவென்று தெரியாமலே சிரித்தான்.

அன்று பின்னேரம் பிர்கிட் அந்த உறையை என் முன்னால் வைத்தார். 'ஒன்று' என்பதைக் கோடு போட்டு வெட்டி 'இரண்டு' என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் நாளும் என் கையெழுத்தும். ஒன்றை அழிக்க விடவில்லை. வெட்டிய ஒன்று தெரிய வேண்டும் என்றார். நீங்கள் கணினியில் திருத்தும்போதும் அப்படிச் செய்யுங்கள். பழையதை அழிக்காதீர்கள். யார் திருத்தியது என்று எழுதிவிடுங்கள். பின்னால் வருகிறவன் உங்களை நம்புவதற்கு அது ஒன்றுதான் வழி.

நிரந்தரக் கடிதம் வந்தது. பிர்கிட் கையெழுத்துக்குக் கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'பெட்டிகள் எல்லாம் அறைக்குள் இருக்க வேண்டும்.' அந்தக் கடிதத்தை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். மரண அறிவித்தல்களை ஒவ்வொன்றாக உரிய உறைக்குள் திருப்பிப் போட்டேன். கோடை முடிய அந்த வேலையும் முடிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன். பிறகு முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய அங்கேயே இருந்தேன்.

மே நான்காம் தேதி பத்திரிகை வந்தது. பெர் சொன்னபடி செய்திருந்தான். அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் மாடியிலும் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுதிரி. கீழ்வீட்டு டெனிஸ்காரி எனக்கும் இரண்டு தந்தார். கொளுத்தி வைத்தேன்.

அடுத்த கிழமை கொன்சல் மறுபடி வந்தார். அறைக்கு வரவில்லை. கீழே வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த நாள் பத்திரிகை வேண்டும் என்றார். கடைகளில் முடிந்துவிட்டதாம். நான் மேலே போய் இருபது பிரதி கட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியை எடுத்தார். மட்டை தேய்ந்திருந்தது. முழுக்கப் பெயர்கள். அந்த முதல் செய்தியை வாசித்துவிட்டு அவரோடு கதைப்பதை நிறுத்தியவர்கள். அவரைக் கண்டு ரோட்டின் மற்றப் பக்கம் போனவர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் விட்டவர்கள். அவர் ஜெர்மனியில் இருந்து திரும்பிவந்த வருடத்தில் எழுதத் தொடங்கியதாம்.

"இவை ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு அனுப்பப் போறன்," என்றார். "ஒரு சொல்லும் எழுத மாட்டன். பத்திரிகை மட்டும்."

"நல்லது ஐயா."

பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு போனார். நிறையப் பெயர்கள் வெட்டியிருந்தன. அவரும் வீட்டில் இருந்து மரண அறிவித்தல் வாசிக்கிறவர்தான்.

"இவன் தப்பியிட்டான். இவனும். இவ நல்லா டான்ஸ் ஆடுவா. இவர் போன மார்கழி. கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அவசரக்காரன்." சிரித்தார். பக்கம் திருப்பினார். கடைசிப் பக்கம் வரை போனார். பிறகு மறுபடி முதற்பக்கத்திலிருந்து, வெட்டாத பெயர்களை மட்டும் எண்ணினார். நானும் கூட நின்று எண்ணினேன்.

கட்டை அவிழ்த்தேன். அவருக்கு வேண்டியதை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று.